நமுத்துப் போறதுக்குள்ள வாங்க!

நிலக்கோட்டையில் முட்டைகோஸுக்கு என்றைக்கும் பஞ்சம் வந்ததில்லை. மேற்கே மலை ஏறினால் மன்னவனூர், கவுஞ்சி, பூம்பாறை என்று கொடைக்கானல் மேல்மலைக் கிராமங்கள். கேரட், உருளைக்கிழங்கு, பூண்டு, பீன்ஸோடு கோஸும் அங்கே விளைந்து, கொண்டை ஊசி வளைவுகளில் உருண்டு புரண்டு வத்தலக்குண்டு வழியாகச் சமவெளிக்கு இறங்குகிறது. வடமேற்கே போனால் ஒட்டன்சத்திரம். கேரளத்துக்கு லாரி லாரியாகக் காய் ஏற்றுகிற சந்தை. மலை ஒரு பக்கம், சந்தை ஒரு பக்கம் என்று நெருக்கிக்கொண்டு நின்றால் ஊர்க்காரர்களுக்குக் கோஸ் மேல் மரியாதை எங்கிருந்து வரும்?

வரவில்லை. கல்யாணப் பந்தியில் கோஸ் பொரியலை யாரும் கேட்டு வாங்குவதில்லை. வேண்டாம் என்று யாரும் கை காட்டுவதுமில்லை. வெங்காயம் விலை ஏறும்போது மட்டும் அதற்குத் தற்காலிகப் பதவி உயர்வு கிடைக்கும். 2019 டிசம்பரில் வெங்காயம் கிலோ 100 ரூபாயைத் தாண்டி ஓடியபோது, ஆம்லெட்டிலும் சமோசாவிலும் வெங்காய வேஷம் கட்டி ஆடியது கோஸ்தான். கோயம்புத்தூர்ப் பக்கத்துத் தள்ளுவண்டியில் சுடச்சுடத் தருகிற 'காளான்' தட்டைக் கிளறினாலும் காளானைவிடக் கோஸே அதிகம் கையில் சிக்கும். எத்தனை வேஷம் கட்டினாலும் சுவரொட்டியில் அதன் பேர் வராது.

அப்பேர்ப்பட்ட கோஸை அடுப்பில் ஏற்றாமல், பச்சையாக, அதுவும் வேகவைக்காத நூடுல்ஸோடு கலந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வெஞ்சனமாக வைக்கலாம் என்று நிலக்கோட்டை மருமகள் ஒருவருக்கு ஒரு சித்திரை மாதம் தோன்றியது. வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் அவருக்கு லீவு. அன்றைக்கும் அடுப்பு முன்னால் நின்று வேகுவதற்கு அவர் தயாராக இல்லை.

வீட்டில் மொத்தம் ஆறு பேர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் மணிக்கணக்கிலிருந்து ஓய்வு பெறாத மாமனார். சமையலறையின் சாவி யார் கையிலிருந்தாலும் ஆட்சி தன் கையில்தான் என்று நம்புகிற மாமியார். பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கும் கணவர். பிளஸ் டூ படிக்கும் மகள், எட்டாவது படிக்கும் மகன், பிறகு மருமகள். வீட்டுச் சண்டையில் பேர் போட்டு எழுதினால் மறுநாள் சோறு கிடைக்காது என்பதால் எல்லாரும் உறவுமுறையிலேயே வருகிறார்கள்.

பண்டம் ஒன்றும் புதிதல்ல. அமெரிக்காவில் ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவந்து கூடிச் சாப்பிடுகிற விருந்துகளில் பல பத்தாண்டுகளாக இது ஒரு நிரந்தர உறுப்பினர். நூலாக நறுக்கிய கோஸ், நொறுக்கிய ராமென் நூடுல்ஸ், பாதாம் அல்லது சூரியகாந்தி விதை, மேலே வினிகரும் எண்ணெயும் சர்க்கரையும் கலந்த ஒரு சாறு. மும்பைத் தெருக்களில் இதற்கு ஒரு பங்காளி உண்டு: பொரித்த நூடுல்ஸில் பச்சைக் கோஸும் குடைமிளகாயும் சாஸும் போட்டுப் பிரட்டித் தருகிற சைனீஸ் பேல். நம்மூர் ஓட்டல்களில் மஞ்சோ சூப் வாங்கினால் மேலே ஒரு கைப்பிடி பொரித்த நூடுல்ஸ் தூவித் தருகிறார்களே, அதுவும் இந்த வம்சம்தான். மகள் செல்போனில் படத்தைக் காட்டினாள். மாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"ஏத்தா, இத மாட்டுக்கு வைக்கிறதா, மனுசனுக்கு வைக்கிறதா?"

"மனுசனுக்குத்தான் அத்தை."

"நூடுல்ஸ வேகவைக்காம புள்ளைகளுக்குக் குடுத்தா வயித்த வலிக்காது?"

பேரன் அந்த நேரத்தில் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். பாக்கெட்டைப் பிரித்துப் பச்சை நூடுல்ஸை நொறுக்கி, மசாலாப் பொடியைத் தூவி, அட்டை மாதிரி கடித்துத் தின்பது தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிந்த தொழில். அப்பத்தாவுக்கு மட்டும்தான் தெரியாது.

பேரனுக்கு விஞ்ஞானமும் துணைக்கு நின்றது. பாக்கெட் நூடுல்ஸ் பச்சையே அல்ல. 1958-இல் ஜப்பானில் மொமொஃபுகு ஆண்டோ என்பவர் வீட்டுக் கொல்லையில் ஒரு கொட்டகை போட்டு, எப்போது வெந்நீர் ஊற்றினாலும் உடனே தயாராகும் நூடுல்ஸைக் கண்டுபிடித்தார். மனைவி எண்ணெயில் பலகாரம் பொரிப்பதைப் பார்த்துத்தான் வழி புலப்பட்டது என்பது அவர் சொன்ன கதை. இன்றைக்கும் முறை அதுதான்: மாவைப் பிசைந்து, நூலாக வெட்டி, ஆவியில் வேகவைத்து, எண்ணெயில் பொரித்து எடுக்கிறார்கள். பொரியும்போது உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி வெளியேறுகிறது. அது வெளியேறிய இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துளைகள். சூடான தண்ணீர் அந்தத் துளைகள் வழியாகத்தான் சட்டென்று உள்ளே இறங்குகிறது. ஆக, நாம் வீட்டில் 'சமைப்பது' என்பது ஏற்கெனவே வெந்து பொரிந்ததை ஊறவைப்பது மட்டுமே. 1983-இல் இந்தியாவுக்கு வந்த மேகி 'இரண்டு நிமிஷம்' என்று விளம்பரம் செய்து வீடு வீடாக நுழைந்தது. இந்த சாலட்டில் அந்த இரண்டு நிமிஷமும் மிச்சம்.

"அதத்தான் அன்னிக்கு டிவில வேண்டாம்னு சொன்னான்ல?" என்றார் மாமியார். அவருக்கு ஞாபக சக்தி அதிகம். 2015 ஜூனில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் மேகிக்குத் தடை போட்டதும், ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கி மறுசோதனைக்கு உத்தரவிட்டதும், நவம்பரில் அது மறுபடி கடைக்கு வந்ததும் நடந்தவைதான். தடை போட்ட செய்தி மட்டும் மாமியாரிடம் வந்து சேர்ந்தது. நீக்கிய செய்தி வந்த நேரம் வீட்டில் சீரியல் ஓடிக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் மாமனார் திண்ணையிலிருந்து குரல் கொடுத்தார். "அணில் சேமியா யாரு ஊரு? சேவரிட் யாரு ஊரு? சேமியாவ ஊருக்கெல்லாம் அனுப்புற திண்டுக்கல் ஜில்லாவுல உக்காந்துக்கிட்டு ஜப்பான்காரன் நூடுல்ஸா?"

நியாயமான கேள்வி. அணிலும் சேவரிட்டும் திண்டுக்கல் சரக்குதான். மாவட்டத்துக்காரர்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொள்ளலாம். மாமனாரின் மண்பற்றுக்கு மதிப்புக் கொடுத்து ஒரு கைப்பிடி சேமியாவை நெய்யில் வறுத்து கோஸில் கலந்தும் பார்த்தார்கள். மாமனார் ஒரு வாய் போட்டார். கடைவாயில் 'டக்'கென்று ஒரு சத்தம். பிறகு நீண்ட மௌனம்.

சேமியாவைக் குறை சொல்ல முடியாது. பாயசத்துக்கும் உப்புமாவுக்கும் கொதிக்கிற நீரில் போடுவார்கள் என்ற நம்பிக்கையில் காயவைத்த பண்டம் அது. ஆவியில் வெந்து, எண்ணெயில் பொரிந்து, உள்ளே துளை விழுந்தது அல்ல. வறுத்தால் நிறம் வருமே தவிர, பல்லுக்கு இளகாது. நூடுல்ஸ் கடித்தால் உதிரும். சேமியா கடித்தால் எதிர்த்துக் கடிக்கும். மாமனார் தன் பல் முப்பத்திரண்டும் ஒரிஜினல் என்று பெருமைப்படுகிறவர். அந்த எண்ணிக்கையைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டி ஜப்பானோடு சமாதானம் செய்துகொண்டார்.

அடுத்தது புழு.

பச்சைக் கோஸ் என்று யாராவது சொன்னால், தமிழ்நாட்டில் மூன்றாவது வாக்கியத்தில் புழு வந்துவிடும். நாலாவது வாக்கியத்தில் அது மூளைக்கு ஏறிவிடும். பக்கத்து வீட்டு அக்கா காம்பவுண்டுச் சுவர் மேல் கையை ஊன்றிக்கொண்டு, யாருக்கோ எங்கேயோ நடந்ததை நேரில் பார்த்தது போலச் சொன்னார். கூடவே தைராய்டையும் சேர்த்தார். மாமியார் முகத்தில் வெற்றிக் களை.

இதில் பயப்பட வேண்டியதும் உண்டு, தேவையில்லாததும் உண்டு. கோஸ் இலையில் நெளிகிற பச்சைப் புழு, வைரமுதுகு அந்துப்பூச்சியின் குஞ்சு. அது கோஸைத் தின்னும். மனிதர் மூளையில் அதற்கு வேலை கிடையாது. மூளையைத் தாக்குவது நாடாப்புழுவின் வேலை. அந்தப் புழுவைக் குடலில் வைத்திருக்கும் மனிதரின் மலத்திலிருந்து முட்டைகள் மண்ணிலும் சாக்கடைத் தண்ணீரிலும் கலந்து, அந்தத் தண்ணீர் பாய்ந்த எந்தக் கீரையிலும் காயிலும் ஒட்டிக்கொள்ளும். அடுக்கடுக்காக மடங்கியிருப்பதால் கோஸில் அழுக்கு ஒளிய இடம் அதிகம். பழி விழுந்ததற்கு அதுதான் காரணம். அந்துப்பூச்சிக்குப் பயந்து வயலில் அடிக்கிற மருந்தும் வெளி இலைகளில் தங்கும். அதனால் வெளி இலைகளைக் கழித்து, மீதியை இலை இலையாகப் பிரித்து, ஓடுகிற தண்ணீரில் கழுவ வேண்டும். அப்படியும் மனசு ஒப்பாதவர்கள் கொதிக்கிற தண்ணீரில் ஒரு நிமிஷம் முக்கி எடுத்து உடனே ஐஸ் தண்ணீரில் போடலாம். பச்சை வாசனை கொஞ்சம் போகும். மொறுமொறுப்பு பெரிதாகப் போகாது. தைராய்டு விஷயத்தில், அயோடின் உப்புப் போட்டுச் சாப்பிடுகிற சராசரி ஆளுக்கு ஒரு கைப்பிடி பச்சைக் கோஸ் ஒன்றும் செய்யாது. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர் டாக்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது, பக்கத்து வீட்டு அக்காவை அல்ல.

மருமகள் கொதிநீர்க் கட்சியில் சேர்ந்தார். அடுப்பே பற்ற வைக்க மாட்டேன் என்ற சபதம் இங்கே லேசாக விரிசல் விட்டது. ஆனால் மாமியார் வாய் அடைந்தது. அதற்கு இது மலிவான விலைதான்.

நறுக்கும் கட்டம் வந்தது. பொரியலுக்கு என்றால் பொடிப்பொடியாகக் கட்டம் கட்டமாக நறுக்குவோம். இதற்கு நூல் நூலாக வேண்டும். தடிமனாக நறுக்கினால் ஆடு மேய்கிற மாதிரி மென்றுகொண்டே இருக்க வேண்டியதுதான். மருமகள் பலகையும் கத்தியுமாக ஆரம்பித்தார். விழுந்தவை நூல் அல்ல, நாடா. ஐந்து நிமிஷம் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்த மாமியார், "தள்ளு அங்கிட்டு" என்றார்.

அருவாமனை வந்தது. பழைய தினத்தாள் ஒன்றை விரித்து, அதன் மேல் பலகையைப் போட்டு, ஒரு காலை மடக்கி மறு காலைப் பலகை மேல் ஊன்றி உட்கார்ந்தார். பிரித்து வைத்த கோஸ் இலைகளின் தடித்த தண்டை மட்டும் வெட்டி எறிந்தார். மீதியை ஒன்றாக அடுக்கிச் சுருட்டி, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, நிமிர்ந்து நிற்கிற அருவாளில் வைத்து முன்னும் பின்னுமாக இழுக்க ஆரம்பித்தார். 'சர்க்... சர்க்...' என்ற ஒரே தாளம். கண் கோஸைப் பார்க்கவில்லை. எதிர்வீட்டு வாசலில் யார் பைக் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தது. விரல் நுனிக்கும் அருவாளுக்கும் நடுவே ஒரு நெல் அளவு இடைவெளி. பின்பக்கம் விழுந்துகொண்டே இருந்தது வெள்ளை நூல், வெளிச்சம் ஊடுருவுகிற அளவுக்கு மெல்லிசாக. எந்த நாட்டு மிஷினும் அப்படிச் சீவாது. இந்தப் பண்டமே கூடாது என்று வாதாடிய ஒரே ஆள், அதற்கு உயிரான வேலையைச் செய்து முடித்துவிட்டு, "என்னமோ பண்ணிக்கங்க" என்று எழுந்து போனார்.

ஆறு பேருக்கு அரைக்கோஸ், அதாவது அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கூடக்குறைய. ஒரு கேரட் துருவல், சீவிய சின்ன வெங்காயம் ஒரு கை, கொத்தமல்லித் தழை. சின்னப் பாக்கெட் நூடுல்ஸ் இரண்டை உறையோடு வைத்து உள்ளங்கையால் அழுத்தி நொறுக்க வேண்டும். இந்த வேலையை எட்டாம் வகுப்பு மாணவரிடம் கொடுத்தால் கூடுதல் ஆர்வத்தோடு முடிப்பார். இரும்புச் சட்டியில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு, சின்னத் தீயில் நூடுல்ஸ் நொறுக்கலையும் ஒரு கை நிலக்கடலையையும் பொன்னிறமாக வறுத்து, கடைசியில் ஒரு ஸ்பூன் வெள்ளை எள்ளைப் போட்டு இறக்க வேண்டும். நன்றாக ஆறவும் வேண்டும். சூட்டோடு மூடினால் தன் ஆவியிலேயே நமுத்துவிடும்.

சாற்றுக்கு வினிகர் தேடிப் போக வேண்டாம். எலுமிச்சம்பழம் இரண்டு, நாட்டுச்சர்க்கரை ஒரு ஸ்பூன், உப்பு, மிளகுத்தூள், நல்லெண்ணெய் இரண்டு ஸ்பூன். வெளிநாட்டுக் குறிப்புகளில் வருகிற எள்ளெண்ணெய் பெரும்பாலும் வறுத்த எள்ளை ஆட்டியது; கறுத்து, ஒரு சொட்டிலேயே மூக்கைத் துளைக்கும். நம்மூர்ச் செக்கில் பச்சை எள்ளோடு கருப்பட்டி சேர்த்து ஆட்டுகிறார்கள். வாசனையும் வேறு, குணமும் வேறு. அந்த வறுத்த வாசனைக்குச் சட்டியில் பொரிந்த எள்ளே போதும். மசாலாப் பொட்டலத்தில் உப்பு தாராளமாக இருக்கும் என்பதால் இரண்டில் ஒன்றை மட்டும் பிரித்து, அதிலும் பாதியளவு மட்டும் போட வேண்டும். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்புச் சாப்பிடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது; மாமனாரின் பிரஷர் மாத்திரையும் அதையே சொல்கிறது. மிஞ்சிய பொட்டலங்களை மாமியார் வாங்கி, ஓரத்தை மடித்து, ரப்பர் பேண்ட் போட்டு எங்கேயோ வைத்தார்.

எல்லாம் சேர்த்து இருபது நிமிஷத்தில் முடிந்துவிட்டது. பிரட்டிப் பெரிய பாத்திரத்தில் வைத்து, மருமகள் வாசலைப் பார்த்து அழைப்பு விடுத்தார்: "எல்லாரும் சாப்பிட வாங்க!"

யாரும் வரவில்லை.

இங்கேதான் இந்தப் பண்டத்தின் உண்மையான சிக்கல் ஆரம்பிக்கிறது. இரண்டு விதமான மொறுமொறுப்பை ஒரே பாத்திரத்தில் குடிவைத்திருக்கிறோம். கோஸ் நூற்றுக்கு 92 பங்கு தண்ணீர்; அதன் ஒவ்வொரு அறையிலும் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்பதால்தான் கடித்தால் சத்தம் வருகிறது. நூடுல்ஸோ தண்ணீரே இல்லாததால் சத்தம் போடுகிறது. உப்பும் எலுமிச்சையும் உள்ளே வந்ததும் தரகர் வேலையை ஆரம்பித்துவிடுகின்றன. கோஸிடமிருந்து தண்ணீரை வாங்கி நூடுல்ஸிடம் கொடுக்கின்றன. கொடுத்தவருக்கும் நஷ்டம், வாங்கியவருக்கும் நஷ்டம். ஆண்டோ அத்தனை பாடுபட்டு உண்டாக்கிய துளைகள் வழியாக எலுமிச்சைச் சாறு இறங்க, பத்து நிமிஷத்தில் இரண்டும் துவண்டு கைகோத்துக்கொண்டு பாத்திரத்தின் அடியில் படுத்துவிடும்.

பத்து நிமிஷத்துக்குள் ஆறு பேரையும் உட்கார வைக்க முடிந்தால் இந்த சாலட்டில் கஷ்டம் எதுவும் இல்லை. ஆனால் தமிழ்நாட்டில் எந்த வீட்டில் ஆறு பேர் ஒன்றாக உட்காருகிறார்கள்? நம்முடைய சாம்பாரும் புளிக்குழம்பும் காத்திருக்கப் பழகியவை. பன்னிரண்டு மணிக்கு இறக்கிய குழம்பு மூன்று மணிக்கும் கோபித்துக்கொள்ளாது. மீன்குழம்பு என்றால் மறுநாள்தான் அதற்கு மவுசே. குழம்பு கொடுத்த செல்லத்தில் வளர்ந்த குடும்பம், கூப்பிட்டதும் வர வேண்டிய கட்டாயத்தை அதற்கு முன் சந்தித்ததில்லை.

மாமனார் பன்னிரண்டரைக்குச் சாப்பிடுகிறவர். மணி பன்னிரண்டு இருபதுதான் ஆகியிருந்தது. பத்து நிமிஷம் முந்தி உட்காருவது அவர் கொள்கைக்கு விரோதம். மகள் "இந்தா, ஒரே ஒரு வீடியோ" என்றாள். மகன் தெருமுனையில் கடைசி ஓவரில் இருந்தான். கணவருக்கு போன் போட்டால், "இந்தா கெளம்பிட்டேன்" என்றார். அந்தக் கெளம்பிட்டேனுக்கு நிலக்கோட்டையில் ஒரு மணி நேரம் என்று பொருள்.

கணவர் விஷயம்தான் மருமகளுக்குப் பொறுக்கவில்லை. நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டில் உட்கார்ந்திருக்கிற மனிதருக்கு நேரத்தின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மல்லிகையை மொட்டாக, விடிவதற்கு முன்னால் பறித்துக் கொண்டுவர வேண்டும். சாயங்காலம் அது விரிந்துவிடும். விரிந்தால் விலை சரிந்துவிடும். முகூர்த்த நாளில் கிலோ ஆயிரக்கணக்கில் போகிற பூ, நேரம் தப்பினால் சீந்துவாரில்லாமல் கிடக்கும். 2013-இல் மதுரை மல்லி என்று புவிசார் குறியீடு வாங்கிய பூவில் திண்டுக்கல் மாவட்டத்துப் பூவும் சேர்த்திதான். பேர் மதுரைக்கு, வேர் நிலக்கோட்டைக்கு. அந்தப் பேரைக் காப்பாற்ற, தாமதமாக மூட்டையைக் கொண்டுவரும் விவசாயிகளிடம் கணவர் காலையெல்லாம் கத்துவார்: "அண்ணே, இந்நேரத்துக்குக் கொண்டாந்தா நான் யாருகிட்டண்ணே விக்கிறது? பூவு உங்களுக்காகக் காத்திருக்குமா?"

அதே மனிதர் இரண்டு மணிக்கு வந்து, பாத்திரத்தைத் திறந்து பார்த்து, "என்ன இது, சவசவன்னு கெடக்கு?" என்றார்.

மருமகள் பதில் சொல்லவில்லை. பதில் பார்வையில் இருந்தது.

அதைவிடப் பெரிய அநியாயம் அடுப்படியில் நடந்துகொண்டிருந்தது. இந்த வீட்டிலும் எல்லார் வீட்டையும் போலப் பெண்கள்தான் கடைசிப் பந்தி. எல்லாருக்கும் போட்டு முடித்து, ஏனம் கழுவி, மாமியார் தட்டோடு உட்காரும்போது மணி இரண்டரை. பாத்திரத்தின் அடியில் துவண்டு கிடந்ததை வழித்துப் போட்டுக்கொண்டு ஒரு வாய் சாப்பிட்டு, "இதுக்கா இம்புட்டு அலப்பறை?" என்றார். அடுத்த ஞாயிறும் இதே கதை, இதே கேள்வி. மற்றவர்களில் முந்தி வந்தவர்கள் ஓரளவாவது மொறுமொறுப்பைக் கண்டார்கள். நூல் நூலாகச் சீவிக் கொடுத்தவர் அதை ஒரு தடவைகூடக் கண்டதில்லை. அவர் வெறுத்தது வேறு ஏதோ ஒரு பண்டத்தை.

வழி கரூரிலிருந்து கிடைத்தது. திண்டுக்கல்லிலிருந்து வடக்கே போகிற சாலையில் கரூருக்குப் போய் இறங்கி, சாயங்கால நேரத்தில் தெருவில் நடந்தால் 'கரம்' கடைகளைப் பார்க்கலாம். தட்டுவடை, முறுக்கை நொறுக்கிப் போட்டு, வெங்காயம், துருவிய கேரட், பீட்ரூட், கொத்தமல்லி சேர்த்து, கலர் கலராக இரண்டு மூன்று சட்னி ஊற்றிப் பிரட்டித் தருவார்கள். முட்டை சேர்த்தால் முட்டைக் கரம். சேலத்துத் தட்டுவடை செட்டும் அதே கோத்திரம்: இரண்டு தட்டுவடைக்கு நடுவில் துருவலும் சட்னியும். மொறுமொறுப்பும் பச்சைக் காயும் சேருகிற கலையை அமெரிக்கக்காரர்களிடம் கற்க வேண்டிய அவசியம் கொங்குப் பக்கத்துக்கு இருந்ததே இல்லை.

ஒரு கல்யாணத்துக்குக் கரூர் போயிருந்தபோது மருமகள் கரம் கடை முன்னால் நின்று கவனித்தார். சுவையை அல்ல, நிர்வாகத்தை. கடைக்காரர் எதையும் முன்கூட்டியே கலந்து வைக்கவில்லை. நொறுக்கல் ஒரு டப்பாவில், துருவல் ஒரு டப்பாவில், சட்னி தனித்தனியாக. ஆள் வந்து, காசு கொடுத்து, தட்டுக்குக் கை நீட்டிய பிறகுதான் கலக்கிறார். வாங்கியவர் அங்கேயே நின்று சாப்பிடுகிறார். யாரும் "இந்தா வர்றேன்" சொல்வதில்லை. வராதவருக்குக் கலப்பதும் இல்லை.

மறு ஞாயிறு வீட்டில் பாத்திரம் ஒழிந்தது. சீவிய கோஸும் கேரட்டும் ஈரம் வடித்து ஒரு டப்பாவில், பிரிட்ஜுக்குள். வறுத்த நூடுல்ஸும் கடலையும் காற்றுப் புகாத எவர்சில்வர் டப்பாவில். சாறு ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில். உட்கார்ந்தவர் தட்டுக்கு மட்டும் ஒரு பிடி, அரைப் பிடி, இரண்டு ஸ்பூன், பிரட்டிக் கையில். மாமனாருக்குப் பன்னிரண்டரை, மகனுக்கு ஆட்டம் முடிந்த பிறகு, கணவருக்கு இரண்டு மணி. அவரவர் மொறுமொறுப்பு அவரவர் வருகிற நேரத்துக்கு.

மாமியார் விஷயத்தில் மட்டும் மருமகள் கேப்டன் ஜேம்ஸ் குக்கின் வழியைப் பின்பற்றினார். 1768-இல் எண்டெவர் கப்பலில் கிளம்பிய குக், ஸ்கர்வி நோய் அண்டாமலிருக்க உப்பில் புளிக்கவைத்த கோஸைப் பீப்பாய் பீப்பாயாக ஏற்றிக்கொண்டு போனார். கோஸில் வைட்டமின் சி உண்டு என்று அப்போது யாருக்கும் தெரியாது. 100 கிராம் பச்சைக் கோஸில் 36 மில்லிகிராம் அளவுக்கு இருப்பதை எல்லாம் பிற்பாடுதான் கணக்கெடுத்தார்கள். மாலுமிகள் அந்த நாற்றத்தைத் தொடவே மறுத்தார்கள். குக் சவுக்கை எடுக்கவில்லை. அதிகாரிகளின் மேசையில் தினமும் அதை வைக்கச் சொன்னார். மாலுமிகள் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளட்டும், வேண்டாவிட்டால் போகட்டும் என்று விட்டுவிட்டார். பெரிய மனிதர்கள் ரசித்துச் சாப்பிடுவதைப் பார்த்ததும், ஒரு வாரத்துக்குள் ஆளுக்கு இவ்வளவு என்று அளந்து கொடுக்க வேண்டிய நிலைமை வந்துவிட்டது.

அன்றைக்கு மாமியார் தட்டில் மருமகள் எதையும் வைக்கவில்லை. கேட்கவும் இல்லை. எதிரில் மாமனார் அதிகாரி தோரணையில் 'கறுக் கறுக்'கென்று மென்றுகொண்டிருந்தார்.

"என்ன இன்னிக்குச் சத்தம் பலமா இருக்கு?" என்றார் மாமியார்.

"பல்லு நல்லா இருந்தா சத்தம் வரும்" என்றார் மாமனார்.

இதற்கு மேல் எந்தக் குக்கும் தேவைப்படவில்லை. "எனக்கும் ரெண்டு போடு, பாப்போம்" என்று தட்டு நீண்டது. பன்னிரண்டு முப்பத்தைந்துக்கு, எல்லாருக்கும் முன்னால், ஏனம் கழுவுவதற்கும் முன்னால். ஒரு வாய் போட்டார். சத்தம் வந்தது. தலையை ஒரு பக்கம் சாய்த்து, அருவாமனையில் எதிர்வீட்டு பைக்கைப் பார்த்த அதே கண்ணோடு யோசித்தார்.

"மாங்கா சீவிப் போட்டா எலுமிச்சங்காய் வேணாம்ல?"

அன்றோடு பொறுப்பு கைமாறியது. இப்போது அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை டப்பாக்களுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர் மாமியார். மாங்காய்க் காலத்தில் கிளிமூக்கு மாங்காய் நூலாக விழுகிறது. மற்ற காலத்தில் எலுமிச்சை. பக்கத்து வீட்டு அக்கா புழுக் கதையை மறுபடி ஆரம்பித்தபோது, "அது வேற புழு, இது வேற புழு" என்று அந்துப்பூச்சி வரைக்கும் விளக்கிச் சொன்னவரும் அவரே. கணவர் போனில் "இந்தா கெளம்பிட்டேன்" என்றால், "நீ மெதுவா வாய்யா, உனக்கு இனிமேத்தான் கலக்கணும்" என்று பதில் போகிறது.

எஞ்சியிருப்பது மசாலாப் பொட்டல விவகாரம் ஒன்றுதான். ஒவ்வொரு ஞாயிறும் ஒரு பொட்டலம் முழுசும் இன்னொன்றில் பாதியும் மிஞ்சுகின்றன. ரப்பர் பேண்ட் போட்டு மடித்தவை எங்கே போகின்றன என்று மருமகள் தேடியபோது, அஞ்சறைப் பெட்டியில் மல்லித்தூளுக்குப் பக்கத்துக் குழியில் அவை கொட்டிக் கிடந்தன. போன புதன்கிழமை ரசத்தை இரண்டாவது தடவை கையில் வாங்கிக் குடித்த மாமனார், "இன்னிக்குப் பெருங்காயம் மாத்திட்டியா? தூக்கலா இருக்கே!" என்று மாமியாரைப் பாராட்டினார். மாமியார், "ஆமா, புதுக் கடையில வாங்கினது" என்றார்.